மறுபயன்பாட்டு மரத்தளம்

மறுபயன்பாட்டு மரத்தளம் என்பது, இடிக்கப்பட்ட அல்லது பிரிக்கப்பட்ட பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கப்படும் மரத்தை அறுத்து, இழைத்து, மீண்டும் பலகைகளாக்கி அமைக்கப்படும் வீட்டுத் தளம் ஆகும். பேச்சு வழக்கில் இது பழைய மரத் தளம் எனப்படும். உத்திரம், கைமரம், மச்சுப் பலகை, கதவு, தூண் போன்றவை இதற்கான மூலங்கள். முதிர்ந்த மரமாகவும் பல ஆண்டுகள் காய்ந்ததாகவும் இருப்பதால் இத்தகைய மரம் விரும்பப்படுகிறது. நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகள் வாழும் வீட்டில் இத்தளத்தைத் துப்புரவாக வைத்திருப்பதும் காப்பதும் தனிக் கவனம் வேண்டும் பணியாகும். தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூரும் அதற்கு மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை நோக்கி உயரும் ஏலமலைச் சரிவுகளும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு காலநிலைகளை அருகருகே கொண்டிருப்பதால், இப்பணியின் நுட்பங்களை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகின்றன.

தமிழகத்தில் மரத்தளம்

தமிழகச் சமவெளி வீடுகளில் கீழ்த்தளத்தின் தரை மரத்தால் அமைவது வழக்கமில்லை. சாணம் மெழுகிய மண்தரை, சுண்ணாம்புத் தரை, சிமெந்துத் தரை, ஆத்தங்குடிக் கல், மொசைக், அண்மைக் காலத்தில் பளிங்கு ஓடு என்ற வரிசையில் தரைகள் மாறி வந்துள்ளன. மரம் தலைக்கு மேலேதான் இருந்தது. மச்சு வீடுகளில் உத்திரங்களின் மீது பலகை பாவி மாடி அமைத்தனர். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையில் தேக்கு விட்டங்களின் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டனர். இன்று மரக்கடைகளில் பழைய தேக்கு என விற்கப்படுவதில் கணிசமான பகுதி இவ்வாறான கூரைகள் இடிக்கப்படும்போது கிடைப்பதே.

இவ்வரலாறு துப்புரவுப் பழக்கத்தையும் தீர்மானித்துள்ளது. மேற்கூறிய தரைகள் பெரும்பாலும் நீரைத் தாங்குபவை. ஆகையால் தமிழ் வீடுகளில் துப்புரவு என்றாலே கழுவுதல் என்று பொருள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதும், பொங்கலுக்கு முன் வாளி வாளியாக நீர் ஊற்றித் தேய்ப்பதும், நாள்தோறும் ஈரத்துணியால் துடைப்பதும், நீரில் பினாயில் கலப்பதும் இதன் தொடர்ச்சியே. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இவ்வழக்கம் இரட்டிப்பாகிறது. மரத்தளத்திற்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை விலங்கின் நகத்தால் அன்றி, விலங்கின் பொருட்டு மனிதர் ஊற்றும் நீராலும் மருந்தாலும் நேர்கின்றன.

மலைப் பகுதியில் நிலைமை வேறு. நீலகிரி, மூணாறு, ஏலமலை ஆகிய இடங்களில் ஆங்கிலேயர் காலத்துத் தோட்ட பங்களாக்களில் குளிரின் காரணமாக மரத்தளங்கள் அமைக்கப்பட்டன. தரையிலிருந்து உயர்த்தி, சட்டங்களின் மீது பலகை அடித்து, கீழே காற்றுச் செல்ல இடம் விட்டுக் கட்டப்பட்டவை அவை. இவ்வமைப்பில் காற்றுத்துளைகள் அடைபட்டால் பலகையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். திறந்தே விட்டால் மரநாயும் தெருப்பூனையும் புகுந்து குடியேறும். துளைகளுக்குக் கம்பி வலை அடிப்பதே இரண்டிற்கும் தீர்வாகும்.

மரத்தின் மூலங்கள்

செட்டிநாட்டு வீடுகள் பழைய மரத்தின் நன்கறியப்பட்ட மூலமாகும். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் பர்மாத் தேக்கு பெருமளவில் அங்கு வந்து சேர்ந்தது. அவ்வீடுகளிலிருந்து பிரிக்கப்படும் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் விற்கப்படுகின்றன. கேரளத்தின் பழைய நாலுகெட்டு வீடுகளிலிருந்து தேக்கு, ஈட்டி, அயினி, பலா ஆகிய மரங்கள் கிடைக்கின்றன. நல்ல வேலைப்பாடுள்ள ஒரு தூணையோ கதவையோ பலகைக்காக அறுப்பது வருந்தத்தக்கது. தளத்திற்கு வேலைப்பாடற்ற உத்திரமும் கைமரமும் போதும்.

ஏலமலையில் புதிய மரம் வெட்டுவது எளிதன்று. ஏலச்செடி நிழலில் வளரும் பயிர். உயர்ந்த காட்டு மரங்களின் நிழலிலேயே அது காலங்காலமாகப் பயிரிடப்படுகிறது. அந்நிழல் மரங்களை வெட்டுவதற்கு அரசின் கட்டுப்பாடுகள் உள்ளன. பழைய கட்டடங்களின் மரம் மதிப்புப் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரவகைகள் நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பொருள்கள் உண்டு. இவை கறையானை எதிர்க்கின்றன, ஈரத்தால் ஏற்படும் மாற்றத்தையும் குறைக்கின்றன. ஈட்டி தேக்கைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு கடினமானது. நாயின் நகம் அதில் எளிதில் பதியாது. வேங்கை வலிமையானதாயினும் நீர் பட்டால் நிறம் கசியும். வேங்கைக் குவளையில் ஊற்றிய நீர் பழுப்பாவதைக் கண்டவர்கள் இதை அறிவர். நாயின் நீர்க்கிண்ணம் இருக்கும் மூலைக்கு வேங்கைப் பலகை ஏற்றதன்று. மா, ரப்பர் போன்ற மென்மரங்கள் பழையவை என்ற காரணத்தாலேயே தளத்திற்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை. உளு அரிப்பவை அவையே.

பயன்படுத்தக் கூடாத பழைய மரங்கள்

பழைய மரம் அனைத்தும் வீட்டிற்குள் வரத்தக்கதன்று. மனிதர் தரையில் நடக்கின்றனர். நாயும் பூனையும் அதே தரையில் படுத்து, உருண்டு, பின் தம் உடலை நக்குகின்றன. எனவே மரத்திலுள்ள நஞ்சு அவற்றின் வயிற்றுக்குள் நேராகச் செல்கிறது. தவழும் குழந்தைக்கும் இது பொருந்தும்.

முதலில் விலக்கவேண்டியது இரயில் பாதைச் சிலீப்பர் கட்டை. தடித்தும் நீண்டும் இருப்பதால் இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் மரச் சிலீப்பர்களுக்கு நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் கிரியோசோட்டு ஏற்றுவது நெடுங்கால வழக்கம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கிரியோசோட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. இது வெயிலில் கசிந்து தோலைச் சுடும். இழைத்தாலும் போகாது, ஏனெனில் அது மரத்தின் உள்ளே ஊடுருவியுள்ளது. மதுரை - போடிநாயக்கனூர் பாதை உட்பட, மீட்டர் பாதைகள் பல அகலப் பாதைகளாக மாற்றப்பட்டபின் (போடிப் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு 2023 சூனில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது) இரயில் மரம் என்ற பெயரில் எது விற்கப்பட்டாலும், அது சிலீப்பர்தானா, அதற்கு என்ன மருந்து ஏற்றப்பட்டது என்று கேட்டறிவது தேவையாகும்.

இரண்டாவது, செம்பு, குரோமியம், ஆர்சனிக்கு ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை ஏற்றப்பட்ட மரம். இக்கலவையை 1930களில் டேராடூனில் உள்ள வன ஆய்வு நிறுவனத்தில் சொந்தி காமேசம் உருவாக்கினார். அஸ்கு என்ற பெயரில் அறியப்பட்ட இது உலகெங்கும் பரவியது. மின்கம்பம், சிலீப்பர், வேலிக்கால் ஆகியவற்றில் பயன்பட்டது. ஆர்சனிக்கு காரணமாக அமெரிக்க ஒன்றியத்தில் வீட்டுப் பயன்பாடுகள் பெரும்பாலானவற்றிலிருந்து 2003 இறுதியுடன் விலக்கப்பட்டது. புதிதாக ஏற்றிய மரம் பச்சை சாயலாகத் தெரியும். பழையதில் அந்நிறம் மங்கிவிடுவதால் கண்ணால் அறிவது கடினம். பழைய மின்கம்பத்தையோ வேலிக்காலையோ அறுத்துப் பலகையாக்குவதும், அதன் தூளை விலங்குகள் நடமாடும் இடத்தில் சிந்துவதும் தவிர்க்கப்படவேண்டும்.

மூன்றாவது பழைய வண்ணப்பூச்சு. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை மில்லியனில் 90 பங்கு எனக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட கதவு, சன்னல், மச்சுப் பலகைகளில் ஈயம் இருக்கலாம். அவற்றை வீட்டிற்குள் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும், சுடுகாற்றுக் கருவியால் உரிப்பதும் கூடாது. இழைப்பு வேலை அனைத்தும் வீட்டுக்கு வெளியே, விலங்குகள் அணுகாத இடத்தில் நடக்கவேண்டும்.

கேரளத்திலும் தமிழகத் தென் மாவட்டங்களிலும் கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. கறையானுக்கு நல்ல தடையாயினும், உலராத நிலையில் இது தோலைப் புண்ணாக்கும். கூரைக்கு இது பொருந்தும். நாய் படுக்கும் தரைக்குப் பொருந்தாது.

ஈரப்பதமும் ஏலமலையும்

காய்ந்த மரமும் காற்றிலுள்ள ஈரத்திற்கேற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடாயின் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காட்டில் நிலைபெறும். 65 விழுக்காட்டில் 12, 85 விழுக்காட்டில் 17 முதல் 18 என இது உயரும். ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் விரியும், இறங்கும்போது சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிதே.

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையும் போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு அப்பால் உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத் தோட்டங்கள் தொடங்குகின்றன. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைமேல் பொழியும்போது, கீழே போடியில் காற்றும் தூசியும் சாரலுமே மிகுதி. போடியில் வீடும் மலையில் தோட்டமும் உடையவர்கள் பலர். ஒரே குடும்பத்தின் இரு வீடுகளும் சில மணி நேரப் பயணத்திற்குள் இருவேறு காலநிலைகளில் இருக்கின்றன.

இதன் விளைவைக் கணக்கிடலாம். மலை பங்களாவிலிருந்து பிரித்த தேக்குப் பலகை 150 மி.மீ. அகலம் உடையது எனவும், அதன் ஈரம் 17 விழுக்காடு எனவும் கொள்வோம். அதைப் போடியில் உடனடியாகப் பாவினால், கோடையில் ஈரம் 11 விழுக்காட்டிற்கு இறங்கும்போது பலகை ஒவ்வொன்றும் அறுத்த விதத்திற்கேற்ப 1 முதல் 2 மி.மீ. வரை சுருங்கும். இருபது பலகை கொண்ட அறையில் இருபது இடைவெளிகள் தோன்றும். எதிர்த்திசையில், கீழே காய்ந்த மரத்தை மலைக்குக் கொண்டுசென்று நெருக்கமாகப் பாவினால் ஆடி மாதத்தில் தளம் எழும்பும். ஏலக்காயைப் பறித்தவுடன் எவரும் மூட்டை கட்டுவதில்லை. உலர்த்தியே ஏலத்திற்கு அனுப்புகின்றனர். மரத்தையும் அவ்வாறே, இடப்போகும் அறையிலேயே குறைந்தது சில வாரங்கள், பலகைகளுக்கிடையே சிறு கட்டைகள் வைத்துக் காற்றாட அடுக்கி வைக்கவேண்டும். ஈரமானி கொண்டு அளந்து, தொடர்ந்து ஒரே அளவு காட்டிய பின்னரே பாவவேண்டும். பழைய மரம் நன்கு காய்ந்தது, எனவே காத்திருக்கத் தேவையில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது; அது தவறானது.

வளர்ப்பு விலங்குள்ள வீட்டில் பலகை இடைவெளி அழகுக் குறைபாடு மட்டுமன்று. சிறுநீர் இறங்கும் வழியும், உண்ணி தங்கும் இடமும் அதுவே. ஆகையால் நாக்கும் காடியுமாகப் பொருத்திய பலகைகளே ஏற்றவை. பழைய ஆணித்துளைகளையும் வெடிப்புகளையும் அதே மரத்தின் தூளைப் பசையுடன் குழைத்து அடைக்கவேண்டும். பழைய ஆணிகளைப் பிடுங்காமல் விட்டால், ஈரம் படும்போது இரும்பு மரத்திலுள்ள டானின் என்ற பொருளுடன் சேர்ந்து கருங்கறை உண்டாக்கும். அது இழைப்புளியின் அலகையும் முறிக்கும்.

மேற்பூச்சு

மேற்பூச்சுகள் இரு வகைப்படும். மரத்தின்மேல் படலமாகப் படிபவை ஒருவகை. மரத்தினுள் ஊறுபவை மற்றொருவகை. பாலியூரிதேன், மெலமைன், அரக்கு ஆகியவை படலம் ஆகும். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், மெழுகு கலந்த எண்ணெய்கள் ஊறுபவை.

அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் தமிழகத் தச்சர்களுக்கு நன்கு பழக்கமானது. மேசைக்கும் கதவிற்கும் சிறந்தது. ஆனால் நீர் நின்றால் வெளுக்கும். கை கழுவும் சாராயக் கரைசல் சிந்தினால் கரையும். நாயுள்ள வீட்டுத் தரைக்கு இது இறுதிப் பூச்சாகாது. எனினும் அடிப்பூச்சாக இதற்கு மிகுந்த பயன் உண்டு. பழைய பலகையில் ஊறிய நாற்றத்தை அரக்கு அடைத்துவிடும். ஈட்டியிலும் தேக்கிலும் உள்ள இயற்கைப் பொருள்கள் சில மேற்பூச்சுகளை உலரவிடாமல் தடுப்பதுண்டு. மெழுகு நீக்கிய அரக்கை இடையில் பூசினால் இத்தொல்லை நீங்கும். தேக்கைப் பொறுத்தவரை, பூசுவதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவது வழக்கம்.

நாய், பூனை உள்ள வீட்டிற்கு நீர்சார் பாலியூரிதேன், அதுவும் பளபளப்பு இல்லாத மங்கல் வகை, பெரும்பாலான நிலைகளில் ஏற்றது. சிறுநீரை ஓரளவு நேரம் தாங்கும். கீறல்கள் கண்ணில் படா. மிகப் பளபளப்பான தளத்தில் நாயின் கால் வழுக்கும். வயதான நாய்களுக்கு இடுப்பு மூட்டில் இதனால் தொல்லை கூடும். இப்பூச்சின் குறை, ஒரு மூலையை மட்டும் பழுதுபார்ப்பது கடினம் என்பது. எண்ணெய்ப் பூச்சில் இது எதிர்மாறு: கறை எளிதில் பிடிக்கும், ஆனால் கறை பட்ட கையளவு இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் எண்ணெய் இடலாம். ஒரு நாய்க்குட்டி வளர்ந்து பழகும் வரை எண்ணெய்ப் பூச்சுடன் இருந்து, பின்பு முழுவதும் இழைத்துப் படலப் பூச்சு இடுவதும் ஒரு முறை.

எப்பூச்சாயினும் முழுமையாக இறுகும்வரை விலங்குகளை வேறிடத்தில் வைக்கவேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். முழு இறுக்கத்திற்கு ஒரு வாரமும், எண்ணெய் சார்ந்த பூச்சுகளுக்கு அதனினும் கூடுதலாகவும் ஆகும். மலையில் மழைக்காலத்தில் இது இன்னும் நீளும் என்பதால், சனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே பூச்சு வேலைக்கு ஏற்றது. கூண்டுப் பறவைகள் ஆவியால் மிக விரைவில் பாதிக்கப்படுபவை. அவற்றை வேறு வீட்டிற்கே மாற்றிவிடவேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்தவோ நீரில் அமிழ்த்தவோ வேண்டும்.

விலங்குகளால் ஏற்படும் தேய்வு

நகக் கீறல்களைவிட மணலே தளத்தை மிகுதியாகத் தேய்க்கிறது. மலைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் நாயின் காலில் ஒட்டி வரும் செம்மண்ணில் உள்ள மணல்துகள், நடக்க நடக்க உப்புத்தாள்போல் வேலை செய்யும். வாசலில் தேங்காய்நார் மிதியடியும், அதற்கடுத்து உள்ளே ஒரு பருத்தி விரிப்பும், கால் துடைக்க ஒரு துணியும் இருந்தால் பூச்சின் ஆயுள் கணிசமாகக் கூடும். அட்டை ஒட்டியிருக்கிறதா என விரலிடுக்கைப் பார்ப்பதற்கும் அதுவே தருணம். விரிப்பின் அடியில் ரப்பர் இருக்கக் கூடாது. ரப்பர், பிளாஸ்டிக்கு அடிப்பகுதியிலிருந்து கசியும் பொருள்கள் பூச்சில் நிலையான மஞ்சள் கறையை உண்டாக்கும்.

போடிக்குத் தெற்கே, அதே மாவட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படும் கோம்பை நாய், காவலுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய சுறுசுறுப்பான காவல் நாய் மணி ஒலித்ததும் ஓடித் திரும்பும் இடங்களில், அதாவது வாசற்கதவின் உட்புறத்திலும் சன்னல் அடியிலும்தான் கீறல்கள் குவியும். அறை முழுவதற்கும் கவலைப்படுவதைவிட அவ்விரு இடங்களில் விரிப்பு இடுவதும், நகத்தை மாதம் ஒருமுறையேனும் வெட்டுவதும் பயனளிக்கும். கட்டடத்தில் பிறந்த வடுக்கள் ஏற்கனவே நிறைந்த பழைய பலகையில் புதிய கீறல் பெரிதாகத் தெரிவதில்லை என்பது மறுபயன்பாட்டு மரத்தின் ஒரு சலுகை.

பலகை இடுக்குகளில் உண்ணி தங்குவது பெரிதும் கவனிக்கப்படாத சிக்கலாகும். இந்தியாவில் நாய்களை வெகுவாகத் தாக்கும் பழுப்பு நாய் உண்ணி, தன் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் வீட்டிற்குள்ளேயே முடிக்க வல்லது. இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, வெடிப்புகளிலும் பலகை ஓரங்களிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். வளர்ந்த உண்ணி உணவின்றியும் பல மாதங்கள் உயிர்வாழும். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துத் தளத்தை மறந்தால் உண்ணி திரும்ப வருவது இதனால்தான். இடுக்குகளில் வாரம் இருமுறை தூசி உறிஞ்சி கொண்டு உறிஞ்சுவதும், பையை உடனே வெளியே அகற்றுவதும் பயனுள்ள முறை.

அன்றாடத் துப்புரவு

உலர் துப்புரவே அடிப்படை. மென்மையான தும்புத் துடைப்பம் அல்லது நுண்ணிழைத் துணி, வாரம் சில முறை தூசி உறிஞ்சி ஆகியன போதும். ஈரம் தேவைப்பட்டால் துணியை நன்கு பிழிந்து, துடைத்த இடம் ஓரிரு நிமிடங்களில் உலரும் அளவிற்கே ஈரம் இருக்கவேண்டும். நடுநிலையான, அதாவது அமிலமோ காரமோ மிகாத சோப்புக் கரைசல் சில துளிகள் சேர்க்கலாம். வாளி நீர், சோடா உப்பு, நீராவித் துடைப்பான் மூன்றும் விலக்கவேண்டியவை.

துப்புரவுப் பொருள்களில் பினாயில் தனியே கூறத்தக்கது. கறுப்புப் பினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பீனால் சேர்மங்கள் உள்ளன. வெள்ளைப் பினாயிலின் அடிப்படை பைன் எண்ணெய். பீனால் சேர்மங்களை உடலிலிருந்து வெளியேற்ற, கல்லீரல் அவற்றைக் குளுக்குரோனிக்கு அமிலத்துடன் இணைக்கவேண்டும். பூனைக்கு இவ்வேலைக்கான நொதி மிகக் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் பெரிதாகத் தீங்கு செய்யாத அளவே பூனைக்கு நஞ்சாகலாம். துடைத்த தரையில் நடந்த பூனை, காலை நக்கும்போது மருந்து உள்ளே செல்கிறது. எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியன அறிகுறிகள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லும்போது என்ன மருந்தால் தரை துடைக்கப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும். கூடுமானால் புட்டியையும் எடுத்துச் செல்லவேண்டும்.

பென்சால்கோனியம் குளோரைடு கலந்த கிருமிநாசினிகள் பூனையின் நாக்கில் புண் உண்டாக்கும். மலை வீடுகளில் நறுமணத்திற்காகத் துடைக்கும் நீரில் சேர்க்கப்படும் யூகலிப்டசு தைலமும் இயற்கைப் பொருள் என்பதால் தீங்கற்றது ஆகிவிடாது. மூலைகளில் போடும் நாப்தலின் உருண்டைகளை நாய்க்குட்டிகள் விழுங்குவதுண்டு. இவை நாய், பூனை இரண்டிற்கும் நஞ்சு.

சிறுநீர்க் கறை

புதிய சிறுநீர் பொதுவாகச் சிறிது அமிலத் தன்மை உடையது. நேரம் செல்லச் செல்ல நுண்ணுயிரிகள் அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால் அது காரமாகி, பூச்சைத் தாக்கி, மரத்தின் டானினுடன் வினைபுரிந்து கருமையாக்கும். ஆகவே முதல் சில நிமிடங்களே முக்கியம். உலர்ந்த துணியை வைத்து ஒற்றி எடுக்கவேண்டும். தேய்த்தால் இடுக்கிற்குள் இறங்கும். பின் சிறிதளவு நீரில் நனைத்த துணியாலும், மீண்டும் உலர்ந்த துணியாலும் ஒற்றவேண்டும்.

பூனைச் சிறுநீரின் கடுநாற்றத்திற்கு ஃபெலினின் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் சிதைவது காரணம். காயடிக்காத ஆண் பூனையில் இது மிகுதி. காய்ந்த சிறுநீரின் உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால், கோடையில் போய்விட்டதாக எண்ணிய நாற்றம் மழைக்காலத்தில் மலைவீட்டில் மீண்டும் எழும். நொதி சார்ந்த துப்புரவுக் கரைசல்கள் இதற்குப் பயன்படும். ஆனால் அவை வேலை செய்யச் சிறிது நேரம் ஈரமாக இருக்கவேண்டும் என்பதால், ஊற்றாமல், நனைத்த துணியைக் கறையின் மேல் மட்டும் வைத்து, பின் நன்கு உலர்த்தவேண்டும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள் சிறுநீர்போன்றே மணப்பதால் விலங்கு அதே இடத்திற்குத் திரும்பும். வெளுப்புத்தூளோ வெளுப்பு நீரோ சிறுநீரின் மேல் ஊற்றினால், அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமீன் என்னும் நச்சுவளி தோன்றும். மூடிய அறையில் இது மனிதருக்கும் ஆபத்து.

ஏற்கனவே கருத்துவிட்ட கறைக்கு, பூச்சை அகற்றிய பின்னரே மருத்துவம் செய்யமுடியும். ஆணியைச் சுற்றிய கருமைக்கு ஆக்சாலிக்கு அமிலக் கரைசலும், சிறுநீரால் ஆன கருமைக்கு ஐதரசன் பெராக்சைடும் பயன்படுகின்றன. ஆக்சாலிக்கு அமிலம் நஞ்சு. கையுறை அணிந்து பூசி, பலமுறை நீர்த்துணியால் துடைத்து, முற்றிலும் உலரும்வரை அறையைப் பூட்டி வைக்கவேண்டும். உலர்ந்தபின் எஞ்சும் அதன் தூளை உப்புத்தாளால் தேய்த்துப் பறக்கவிடக் கூடாது. இவ்விரு முறைகளுக்கும் அடங்காத கறையுள்ள பலகையைக் கழற்றித் திருப்பிப் போடுவதோ மாற்றுவதோ நல்லது. பாவும்போதே அதே மரத்தில் ஏழெட்டுப் பலகைகளை மிச்சம் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. பழைய மரத்தில் அதே நிறமும் ரேகையும் பின்னர் தேடினால் கிடைப்பதில்லை.

பழக்கப்பட்ட விலங்கு திடீரென உள்ளே சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அது பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கோளாறு, சர்க்கரை நோய் அல்லது முதுமையின் அறிகுறி. தளத்தைக் காப்பதற்கான முதல் நடவடிக்கை அப்போது கால்நடை மருத்துவரைக் காண்பதே.

கறையானும் உளுவும்

பலகையின் கீழ் மாவுபோன்ற தூள் புதிதாகக் கொட்டினால் உளு உயிருடன் உள்ளது என்பது பொருள். பழைய மரம் வாங்கும்போதே தட்டிப் பார்த்து, ஒரு நாள் வெள்ளைத் தாளின்மேல் வைத்துச் சோதிப்பது தச்சர்களின் முறை. பாவுவதற்கு முன் அனைத்துப் பக்கங்களிலும் போரிக்கு அமிலமும் வெண்காரமும் சேர்ந்த கரைசலைப் பூசி உலர்த்தலாம். பாலூட்டிகளுக்கு இதன் நச்சுத்தன்மை ஒப்பீட்டளவில் குறைவு. எனினும் மேற்பூச்சு இட்டபின்னரே விலங்குகளை அனுமதிக்கவேண்டும்.

பெர்மெத்திரின் முதலிய பைரித்திராய்டு வகைப் பூச்சிமருந்துகள் நாய்க்கான உண்ணி மருந்துகளிலும், கறையான் மருந்துகளிலும் உள்ளன. பெர்மெத்திரின் பூனைக்கு வலிப்பையும் மரணத்தையும் விளைவிக்கலாம். நாயும் பூனையும் ஒன்றாக வாழும் வீட்டில், நாய்க்குப் போட்ட மருந்து தளத்திலும் படுக்கையிலும் ஒட்டிப் பூனைக்குச் சென்ற நிகழ்வுகள் கால்நடை மருத்துவத்தில் நன்கறியப்பட்டவை. மருந்தடிப்பவரிடம் பூனை இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும்.

மரத்தைக் கொண்டுசெல்லுதல்

தமிழகத்தில் மரப் போக்குவரத்து 1968ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டது. கேரளத்திற்கும் தனி விதிகள் உள்ளன. போடிமெட்டு மாநில எல்லையில் உள்ளதால், மலை வீட்டில் பிரித்த மரத்தைக் கீழே கொண்டுவருவதும் மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்தாகிறது. தேக்கும் ஈட்டியும் பழையனவாயினும், அவை எக்கட்டடத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதற்கான சான்றும், வாங்கிய பட்டியலும், கட்டடத்தில் இருந்தபோது எடுத்த ஒளிப்படங்களும் உடனிருப்பது தேவை. வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே இரு மாநில வனத்துறை அலுவலகங்களிலும் அனுமதிச் சீட்டுப் பற்றிக் கேட்டறிந்துகொள்ளவேண்டும்.